அளவுத் தண்ணீர்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் சுகத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

போனில் பேசினால் "அப்புறம்?" என்கிறாய். "நீதான் சொல்லணும்" என்கிறேன். பிறகு இருவரும் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் கடிதம். வாரத்தில் மூன்று நாள் இடது கையை டயாலிசிஸ் மெஷினிடம் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறேன். வலது கை சும்மாதானே கிடக்கிறது.

உன் சிறுநீரகம் எனக்குப் பொருந்துமா என்று பார்க்க அத்தனை தூரம் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனாய். முடிவு வர நாளாகும் என்கிறார்கள். வரும்போது வரட்டும்.

அலுவலகத்தில் எனக்கு அரை நாள் வேலையாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதே மின்சாரப் புகார்ப் பிரிவுதான். "கரண்ட் போச்சு" என்று கத்துவார்கள். "பதிவு பண்ணிட்டேங்க" என்பேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. பசித்தால் பதிவு பண்ணிட்டேன். கால் வீங்கினால் பதிவு பண்ணிட்டேன்.

வார்டுக்கு ஓவியர் ஒருத்தி வந்திருக்கிறாள். எல்லோரும் கலர் மேடம் என்று கூப்பிடுகிறோம். தண்ணீருக்கும் நமக்கும் உள்ள உறவை நாமே வரைய வேண்டுமாம். நாங்கள் எல்லாம் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து குடிக்கிறவர்கள். எங்களிடம் வந்து தண்ணீரைப் பற்றிக் கேட்க ஒரு தைரியம் வேண்டும். கேட்டதோடு விடவில்லை. வண்ணத்தைக் கரைக்கும் தண்ணீரையும் அவரவர் பங்கிலிருந்து ஒரு கரண்டி எடுக்கணுமாம்.

பக்கத்துக் கட்டில் கண்டக்டர் அதைக் கேட்டுவிட்டு, "குடுக்கறதே கையளவு. அதுலயும் கமிஷனா?" என்றார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பாப்பாவுக்கு என் முத்தம். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. இங்கே மூவரும் நன்றாக இருக்கிறோம். கால் வீக்கத்தைப் பற்றி டாக்டரிடம் சொன்னாயா? எனக்கு எழுதினால் மட்டும் போதாது.

வேலையில் மூச்சு விட நேரமில்லை. ஓட்டலில் ஏதோ மாநாடு. பெட்ஷீட்டுகள் மலை மாதிரி வந்து இறங்குகின்றன. எங்கள் சலவைக்கூடம் அடித்தளத்தில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா? ஜன்னலே கிடையாது. துவைத்த பெட்ஷீட்டின் ஒரு முனையை நானும் மறுமுனையை இன்னொருவனும் பிடித்துச் சுடுரோலருக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி வந்து விழும். நீராவியில் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி வரும்.

ஈரத்திலேயே வேலை செய்கிறவன் நான். நீ கரண்டிக் கணக்கு எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அன்று முழுக்கக் குழாயைத் திறக்கவே ஒரு மாதிரி இருந்தது.

ஓவியம் என்ன ஆயிற்று? நீ வரைந்தாயா? எழுது.

உன் தம்பி


பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெட்ஷீட் மலையிலிருந்து பத்திரமாக இறங்கியிருப்பாய். கால் வீக்கம் குறைந்திருக்கிறது. சொன்னேன், மாத்திரையை மாற்றினார்கள்.

ஓவியம் நடந்தது. ஆளுக்கொரு தடித்த தாள் கொடுத்தாள். கண்டக்டர் தன் கரண்டித் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டு, "என் உறவு இதுதான்மா, முடிஞ்சுது" என்றார். கலர் மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. "அடுத்த தடவை வேற கரண்டி கொண்டாங்க" என்றாள். அடுத்த முறை அவர் உண்மையாகவே வரைந்தார். பேருந்து ஒன்று சாலையோரம் நிற்கிறது, முன்பக்கம் புகை. ரேடியேட்டர் கொதித்துப் போய், பயணிகள் எல்லோரும் தங்கள் குடிதண்ணீர் பாட்டிலை இறங்கி வந்து கொடுத்தார்களாம். "ஒருத்தர் விடாம குடுத்தாங்கம்மா. குழந்தைக்கு வச்சிருந்ததக் கூட. வண்டி கிளம்புச்சு பாருங்க!" என்று படத்தைத் தட்டித் தட்டிச் சொன்னார்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. பிரஷ்ஷை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்ணம் தொடாமல் வெறும் தண்ணீரைத் தாள் முழுக்கத் தடவினேன். காய்ந்த பிறகு தாள் நெளிந்திருந்தது, அவ்வளவுதான். வேறு தாள் தருவாள் என்று பார்த்தேன். "இதுவே உங்களுது" என்று பெயர் எழுதி வாங்கிக்கொண்டாள்.

பரிசோதனை முடிவுகள் வந்துவிட்டதாகச் சிஸ்டர் சொன்னார். உனக்கும் அனுப்பியிருப்பார்கள்.

இங்கே வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. பாப்பாவின் பல் விழுந்ததா? போனில் ஆடுகிறது, ஆடுகிறது என்றாளே.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தவறாக நினைக்காதே. எல்லோரும் சுகம். நீ சுகம்தானே?

பாப்பாவின் பல் விழுந்துவிட்டது. அதைத் தீப்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை எங்கே வைத்தாள் என்று மறந்துவிட்டு ஒரு நாள் முழுக்க அழுதாள். தீப்பெட்டிக்கு ஏது பூட்டு என்று கேட்காதே. அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

கண்டக்டரை விசாரித்ததாகச் சொல். அவர் படத்தைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

வேலை அப்படியேதான். ரோலர் ஒன்று பழுது. மற்றதில் இரண்டு மடங்கு ஓட்டுகிறோம்.

வேறு விசேஷமில்லை.

தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உங்கள் நலமே என் நலம்.

கண்டக்டரிடம் நீ விசாரித்ததைச் சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமை அவர் வரவில்லை. நேரத்துக்கு முன்னால் வந்து எடை மெஷினில் ஏறி, "ஏறிட்டேன், டிக்கெட் குடுங்க" என்பவர். புதன்கிழமை அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். புதுத் தலையணை உறை. வீட்டிலேயே மூச்சுத் திணறி இறந்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. புதியவரிடம், "ஃபேன் உங்க பக்கம் அதிகம் வருதா?" என்று கேட்டேன். வருகிறது என்றார். பேச்சு அதோடு முடிந்தது. கலர் மேடம் மட்டும் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபோது, இந்தப் பெண்ணுக்கு இருப்பது எனக்கு ஏன் இல்லை என்று தோன்றியது. பொறாமை என்று சொல்வதற்குக் கூட அதில் உயிர் இல்லை.

அவளுடைய அடுத்த வேலை உறவினர்களோடு. நோயாளியின் சொந்தக்காரர் ஒருவர், ஒரே ஒரு நாள், எங்கள் அளவுத் தண்ணீரில் இருந்து பார்க்க வேண்டும். அதில் ஒரு கரண்டி மிச்சம் பிடித்து வரைந்து அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஆஸ்பத்திரி வராந்தாவில் மாட்டப் போகிறாள். யார் முகவரியைக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? உன்னுடையதைக் கொடுத்தேன். தாளும், ஒரு நாள் பங்கைக் காட்டும் அளவு டம்ளரும் தபாலில் வரும்.

முடிந்தால் செய். வேலை நாளில் வேண்டாம், விடுமுறையில் செய். இல்லாவிட்டால் குப்பையில் போடு. நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கண்டக்டரைப் பற்றிப் படித்தேன். பார்த்ததே இல்லாத மனிதர். இருந்தும் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன்.

பார்சல் வந்தது. இவ்வளவு சின்ன டம்ளரா என்று உன் தம்பி மனைவி கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விடுமுறையன்று இருந்து பார்த்தேன். காலையில் தைரியமாகத்தான் இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டோடு தீர்ந்துவிட்டது. அதன் பிறகு வீட்டில் யார் குழாயைத் திறந்தாலும் காது அங்கேயே போகிறது. பாப்பா பாதி டம்ளரைக் குடித்துவிட்டு மீதியைத் தொட்டியில் கொட்டினாள். அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன் அக்கா. அடிக்கவில்லை.

நீ தினமும் இப்படித்தான் இருக்கிறாய். நான் டிசம்பரில் வந்திருந்தபோது உன் எதிரிலேயே பாட்டில் பாட்டிலாகக் குடித்தேன்.

கரண்டித் தண்ணீரை மிச்சம் பிடிக்க மறந்துவிட்டேன். அதனால் வரையவில்லை. இன்னொரு நாள் இருந்து பார்த்து அனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மே 10

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். மூவரும் சுகம்தானே?

ஒரு நாள் இருந்தாயே, அது போதும். மறுபடி இருக்காதே. படம் வராவிட்டால் யாரும் அடிக்கப் போவதில்லை. நான் வெறும் தண்ணீரைத் தடவிக் கொடுத்தவள்தானே.

கண்டக்டரின் மகன் வந்து அப்பாவின் படத்தைக் கேட்டான். கண்காட்சி முடிந்ததும் தருவதாகக் கலர் மேடம் சொல்லியிருக்கிறாள். ஆனால் அவன் போகவில்லை. பேருந்துக் கதையை அவர் தட்டித் தட்டிச் சொன்ன மாதிரியே நான் சொல்லிக் காட்டியதும், படத்துக்கு எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். "இந்தக் கதைய எங்ககிட்ட சொன்னதே இல்லீங்க" என்றான்.

டாக்டர் உன்னைப் பற்றிக் கேட்டார். தம்பிக்கு வேலை அதிகம் என்றேன்.

அக்கா


ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

மே மாதக் கடிதம் கிடைத்ததா? தபாலில் தொலைந்திருக்கலாம். போன் செய்தேன், நீ தூங்குவதாக உன் மனைவி சொன்னாள். இரண்டு முறையும் தூங்கிக்கொண்டிருந்தாய்.

நான் நலம். ஒரு வரி எழுது.

அக்கா


ஜூன் 15

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவியின் வணக்கம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுவே முதல் தடவை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் தூங்கவில்லை அண்ணி. பேச மாட்டேன் என்று கையை ஆட்டினார். நான்தான் பொய் சொன்னேன்.

நீங்கள் அனுப்பிய அந்த டம்ளரை அவர் விடவே இல்லை. ஒரு நாள்தானே என்றார், சரி என்றேன். மறுநாளும் அதிலேதான் குடித்தார். அதற்கடுத்த வாரமும். விடுமுறை, வேலை நாள் என்ற வித்தியாசமே இல்லை. நான் பாட்டிலில் தண்ணீர் கொடுத்தனுப்பினால் அப்படியே திரும்பி வருகிறது. பாப்பா அவளுடைய தோழியிடம், "எங்கப்பா ஒரு விளையாட்டு விளையாடறாரு. தண்ணி குடிச்சா அவுட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் அந்தச் சூட்டில் ரோலர் பக்கத்திலேயே மயங்கி விழுந்துவிட்டார். கூட வேலை செய்கிறவர் இழுத்திருக்காவிட்டால் கை உள்ளே போயிருக்கும். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர், "ஏன்யா, தண்ணி குடிக்கறதுக்கு என்ன வேண்டுதலா?" என்று கேட்கிறார். இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்தும் அப்படியே.

அண்ணி, பொருந்துகிறது என்று தகவல் வந்த அன்று நான் அழுதேன். வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் நான் எதற்கு அழுகிறேன் என்று அவருக்குத் தெரியாதா? அவர் உங்களுக்குப் பதில் சொல்லாததற்கு நானும் காரணம். கோபப்படுவதானால் என்மேல் படுங்கள். அவரைத் தண்ணீர் குடிக்க மட்டும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


ஜூன் 22

தம்பிக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துவிட்டது.

முதலில் எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடி. குடித்துவிட்டு வந்து மீதியைப் படி.

குடித்தாயா?

நீ குடிக்காமல் விட்ட தண்ணீர் எந்தக் குழாய் வழியாக எனக்கு வந்து சேரும் என்று நினைத்தாய்? இங்கே என் டம்ளர் அதே டம்ளர்தான். ஒரு சொட்டு கூடவில்லை. அங்கே உன் கை ரோலருக்குள் போக இருந்தது. எவ்வளவு அருமையான ஏற்பாடு! உன் பெண் அதை விளையாட்டு என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உன் மனைவியின் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குக் கோபம். அலுவலகத்தில் யாரோ போனில் கத்தினான், திருப்பிக் கத்திவிட்டேன். மேலாளர் கூப்பிட்டு, "என்னம்மா ஆச்சு உங்களுக்கு?" என்றார். "என் தம்பி ஒரு முட்டாளுங்க" என்றேன். அவர் தண்ணீர் எடுத்து நீட்டினார். அதையும் குடிக்க முடியாது எனக்கு.

உன் மனைவிக்குச் சொல்: அழுதது தப்பில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் அழுவதோடு நிறுத்தியிருக்க மாட்டேன்.

பொருந்துகிறது என்று பிப்ரவரியிலேயே எனக்கும் தெரியும். சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நீ எழுதுவாய் என்று பார்த்தேன். நீ பல்லைப் பற்றி எழுதினாய். நான் ஃபேனைப் பற்றி எழுதினேன். நான் கேட்காததற்குக் காரணம், கேட்டால் நீ சரி என்றிருப்பாய். நடுங்கிக்கொண்டே சரி என்றிருப்பாய். அப்படி ஒரு சரியை உடம்புக்குள் வைத்துக்கொண்டு நான் எப்படி இருப்பது?

வேறு யாருடைய சிறுநீரகமாவது கிடைக்கலாம் என்று காத்திருப்போர் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. காத்திருக்க எனக்குத் தெரியும். ஆனால் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலைப் பார்க்க வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் இருக்கத்தான் முடியவில்லை.

சரி, இல்லை முடியாது. இரண்டில் ஒன்றை எழுது. பார்க்கலாம் என்று எழுதாதே.

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

தண்ணீர் குடிக்கிறேன். டம்ளரை உன் தம்பி மனைவி எடுத்து வைத்துவிட்டாள்.

என்னால் முடியாது அக்கா.

காரணம் எழுத உட்கார்ந்து தாள் தாளாகக் கிழித்தேன். வேலை, பாப்பா, இவள் அழுதது எல்லாம் எழுதினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அதெல்லாம் இல்லாவிட்டாலும் என்னால் முடியாது. பயமாக இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

கலர் மேடத்தின் தாளை நான் தொடவில்லை. பாப்பா எடுத்து மேலிருந்து கீழ் வரை நீலத்தை அப்பிவிட்டாள். என்னடி இது என்றேன். "அப்பா குடிக்காத தண்ணி" என்றாள். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். உபயோகமென்றால் கொடு.

தம்பி


ஜூலை 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ தண்ணீர் குடிப்பது தெரிந்து நிம்மதி. உன் மனைவிக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.

கண்காட்சி வராந்தாவில் ஆரம்பித்துவிட்டது. பாப்பாவின் நீலம் நடுவில் இருக்கிறது. பெரியது, யார் வந்தாலும் முதலில் அங்கேதான் நிற்கிறார்கள். அதன் பக்கத்தில் என் வெள்ளைத் தாள். தரை துடைப்பவர், "இதுல இன்னும் வரையலையா?" என்று கேட்டார். "வரைஞ்சாச்சு, காஞ்சிடுச்சு" என்றேன். கிட்டப் போய் நெளிவைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமா" என்றார். கண்டக்டரின் மகன் தன் பிள்ளைகளைக் கூட்டிவந்து பேருந்துக் கதையை அவர் சொன்ன மாதிரியே தட்டித் தட்டிச் சொன்னான்.

உன் பெயரை எடுத்துவிடும்படி டாக்டரிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இனி அவரும் விசாரிக்க மாட்டார். உனக்கு அந்தத் தொல்லை இல்லை.

நீ எழுதியதை மெஷினில் படுத்திருக்கும்போதுதான் படித்தேன். நான் கேட்ட பதில் ஒரே வரியில் இருந்தது. படித்துவிட்டு மடித்து வைத்தேன். எனக்குள் எதுவும் நடக்கவில்லை என்றுதான் நினைத்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மெஷின் கத்த ஆரம்பித்தது. சிஸ்டர் ஓடி வந்து, "கைய ஆட்டாதீங்க, கைய ஆட்டாதீங்க" என்கிறார். நான் ஆட்டவில்லை என்கிறேன். குனிந்து பார்த்தால் ஊசி குத்திய கை, தோளிலிருந்து குலுங்கிக்கொண்டிருக்கிறது. முகமெல்லாம் நனைந்திருக்கிறது. அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

மெஷின் அடங்கிய பிறகு, மார்மேல் கிடந்த கடிதத்தைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி எழுதினதா?"

"ஆமா."

"என்ன எழுதியிருக்காரு?"

"நல்லா இருக்கானாம்" என்றேன்.

அக்கா